என்புகள் உரைக்கும் குடிவரலாறு

பேரரசொன்று வீழ்ந்தபின் அதன் நிலத்து வாழ்ந்த மக்கள் என்னாயினர் என்பது சரித்திரங் கற்பார்க்கெல்லாம் எழும் வினாவாகும். மேலை உரோமப் பேரரசு கி.பி. 476-இல் சாய்ந்தது. பின்னர் 568-இல் இலங்கோபார்தர் என்னும் மக்கள், ஆல்போயின் என்னும் தம் அரசனொடு, பன்னோனியா நாட்டினின்றும் இத்தாலியுட் புகுந்தனர். இதனை விரித்தெழுதியவர் பவுல் என்னும் துறவி. அவரும் அம்மரபினரே, ஆயினும் அவர் எழுதியது 8-ஆம் நூற்றாண்டில். ஆல்போயினொடு கெப்பிதர், பல்கர் முதலிய பிறரும் போந்தனர் என்று அவரே கூறுதலின், வந்தவர் ஒரு குலத்தாரோ, பல திறத்தார் கூடிய படையோ என அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர்.

இவ்வழக்கில் இறந்தோரே சான்று கூற வந்தனர். உயிரணுதோறும் அமைந்த டி.என்.ஏ. என்னும் நுண்பொருள், பெற்றோரிடமிருந்து மக்கட்கு வழிவழி வருவது. பல்லிலும், உட்செவியைச் சூழ்ந்த வன்மையான என்பிலும் அது பல நூற்றாண்டு அழியாது நிற்றலுண்டு. அதனைப் பிரித்தெடுத்துப் படிப்பார்க்கு, இன்னார் இன்னார்க்கு உறவினர் என்பதும், அவர்தம் முன்னோர் எத்திசையார் என்பதும் புலனாகும்.

அங்கேரி நாட்டு ஸோலாட், இத்தாலியில் தூரின் நகரை அடுத்த கொல்லெஞ்ஞோ என்னும் ஈரிடத்துப் புதைகாடுகளினின்றும் 63 பேர்தம் என்புகளை ஆராய்ந்து, 2018-இல் அறிஞர் குழுவொன்று முடிபு வெளியிட்டது. ஒவ்வொரு புதைகாடும் பல தலைமுறை கொண்ட பெருங்குடும்பத்தை நடுவணாகக் கொண்டு அமைந்திருந்தது. வடபுல வழியினர் பெரும்பாலும் படைக்கலமும் அணிகலனும் உடன்வைத்துப் புதைக்கப்பட்டனர். தென்புல வழியினர் குழிகளிலோ அத்தகைய பொருள் அரிதாயிருந்தது. வடக்கினின்றும் மக்கள் பெயர்ந்து வந்தனர் என்னும் பழங்கூற்று இதனால் வலிவு பெற்றது. எனினும் இருவழியினரும் ஒரே புதைகாட்டில் துயில்கின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி, உரோமர் ஆட்சி நீங்கிய இங்கிலாந்தை நோக்குவோம். 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் முற்பட்ட இடைக்காலத்தே வாழ்ந்தார்தம் மரபுவழியில் நூற்றுக்கு 76 பங்குவரை வடகடலை அடுத்த ஐரோப்பியக் கரையினின்றும் வந்ததாம். ஆண்களும் பெண்களும் ஒருங்கே குடியேறினர். உள்ளூராரொடு மணவினையுங் கலந்தனர். ஒரு காலத்து, ஒரு பேரரசின் சிதைவில், ஈரிடத்து வாழ்க்கை ஒரு தன்மைத்தாய் அமையவில்லை என்பது இவற்றை ஒப்பிடுவார்க்கு விளங்கும்.

அன்பர்காள்! இவ்வாராய்ச்சியின் எல்லையையும் அறிதல் வேண்டும். என்பு உறவு கூறும்; வழி கூறும். தம்மை எப்பெயரால் அழைத்தனர், யாரைத் தம்மவர் என்று கொண்டனர் என்பதை அது கூறாது. குருதித் தொடர்பு வேறு, குடிப்பெயர் வேறு. குடிவரலாறு எழுதப் புகுவார் யாவரும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்காது, ஏடு, கல்வெட்டு, புதைபொருள் ஆகிய சான்றுகளையும் உடன்வைத்து ஆராய்தல் கடனாம். முன்னோரைப் போற்றுதற்கு அவரைப்பற்றிய மெய்யுணர்தலினும் சிறந்த வழி பிறிதில்லை.