குளோரோகுயினும் உயிரணுவின் அமிலத்தன்மையும்: ஒரு வரலாறு

குளோரோகுயின் என்பது மலேரியாக் காய்ச்சலுக்கு நீண்டகாலம் தரப்பட்டு வந்த செயற்கை மருந்து. இதற்கு மிக நெருங்கிய வேதிப்பொருளான ஹைட்ராக்சிகுளோரோகுயின், முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் இன்றும் பயன்படுகிறது. 2020-இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது இவ்விரு பெயர்களும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. கொசு பரப்பும் ஒட்டுண்ணிக்கான மருந்து வைரஸை எப்படித் தடுக்கும் என்று பலரும் கேட்டார்கள். அதற்கு அறிவியலில் தெளிவான விடை ஒன்று உண்டு. அது உயிரணுவுக்குள் இருக்கும் அமிலத்தைப் பற்றியது. விடை சரியானதுதான், ஆனால் அதை நம்பித் தரப்பட்ட சிகிச்சை பலிக்கவில்லை.

மருந்து பிறந்த கதை

சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்த்தியேயும் கவந்துவும் பிரித்தெடுத்தனர். அதற்குச் செயற்கையான மாற்றைத் தேடிய முயற்சியில், ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் இருந்த பேயர் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்பவர் 1934-இல் குளோரோகுயினை உருவாக்கினார். மனிதருக்கு நச்சாகும் என்று கருதி அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் மீண்டும் சோதித்து, அந்த அச்சம் மிகையானது என்று கண்டனர். போருக்குப் பின் உலகெங்கும் மலேரியாவுக்கு முதன்மை மருந்தாயிற்று.

பறிக்குள் போன மீன்

பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், உயிரணுவின் செரிமான அறை எனத்தக்க லைசோசோமை 1955-இல் உலகுக்கு அறிவித்தார். அதன் உள்ளே அமிலம் நிறைந்திருக்கும். எவ்வளவு அமிலம் என்பதை 1978-இல் ஓகுமா, பூல் என்ற இருவர் உயிருள்ள அணுக்களிலேயே அளந்தார்கள்: பி.எச். மதிப்பு 4.7 முதல் 4.8 வரை. லைசோசோமைச் சூழ்ந்துள்ள உயிரணுத் திரவத்தில் இது ஏறத்தாழ 7.2. பி.எச். அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பது பள்ளிப் பாடம். அந்தக் கணக்கில், லைசோசோமின் உட்புறம் வெளியைவிட ஏறத்தாழ 300 மடங்கு அமிலம் மிகுந்தது.

குளோரோகுயின் ஒரு வலுக்குறைந்த காரம். மின்னேற்றம் இல்லாத நிலையில் அது சவ்வை எளிதாகக் கடக்கும். அமில அறைக்குள் நுழைந்ததும் புரோட்டான்களைப் பற்றிக்கொண்டு மின்னேற்றம் பெறுகிறது. மின்னேற்றம் பெற்ற மூலக்கூறால் அதே சவ்வைக் கடந்து திரும்ப முடியாது. பறிக்குள் போன மீனைப் போல உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இப்படி மூலக்கூறுகள் மேலும் மேலும் சேரச்சேர, அறையின் அமிலம் குறைகிறது. நீர் புகுந்து அறை உப்புகிறது. இத்தகைய பொருள்களைப் பற்றி டி டூவும் குழுவினரும் 1974-இல் விரிவாக எழுதினர். அவர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

மலேரியா ஒட்டுண்ணியின் உணவுப் பையும் அமிலம் நிறைந்ததே. அங்கும் மருந்து இதே முறையில் குவிகிறது. குவிந்தபின் ஒட்டுண்ணி மடிவது வேறு வழியில்: சிவப்பணுவை உண்டபின் மிஞ்சும் ஹீம் என்ற நச்சை ஒட்டுண்ணியால் அகற்ற முடியாமல் போகிறது.

வைரஸ் எங்கே வந்தது?

பல வைரஸ்களை உயிரணு தானே ஒரு சிறு பையில் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. எண்டோசோம் எனப்படும் அந்தப் பை உள்ளே செல்லச் செல்ல அமிலமாகிறது. அந்த அமிலம் பட்டதும் வைரஸின் மேற்புறப் புரதம் உருமாறி, வைரஸின் உறை பையின் சவ்வோடு இணைகிறது. மரபுப்பொருள் வெளியே நழுவுகிறது. அமிலமே இங்கே சாவி. இதை அரி ஹெலெனியஸ், காய் சைமன்ஸ் குழுவினர் 1980-இல் ஹைடல்பர்கில் செம்லிக்கி காட்டு வைரஸைக் கொண்டு காட்டினர். குளோரோகுயினைச் சேர்த்தபோது வைரஸ் பைக்குள் போனது. ஆனால் அதிலிருந்து தப்ப முடியவில்லை. உயிரணு உயிரியலின் அழகான சோதனைகளுள் ஒன்று இது என்பேன்.

ஆகவே நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. சார்ஸ் வைரஸையும் குளோரோகுயின் தடுக்கிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் பயன்பட்டவை வீரோ அணுக்கள், அதாவது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தவை. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

மனிதரிடம் கிடைத்த முடிவுகள்

கொரோனாவுக்கு முன்பே மூன்று சோதனைகள் எச்சரித்திருந்தன. 2006-இல் தமிழ்நாட்டிலும் பலரை மூட்டுவலியால் முடக்கிய சிக்குன்குனியா, ரீயூனியன் தீவிலும் பரவியது. அங்கே குளோரோகுயின் தந்து பார்த்தார்கள், பயனில்லை. 200-ஆம் நாளில் மருந்து உண்டவர்களே கூடுதலாக மூட்டுவலியைச் சொன்னார்கள். வியட்நாமில் 307 டெங்கு நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வந்தது; நோய்க்காலம் குறையவில்லை. சிங்கப்பூரில் 1,516 பேரிடம் நடந்த சோதனை, இன்ஃபுளுயன்சாவை இம்மருந்து தடுக்காது என்று 2011-இல் காட்டியது. மூன்று வைரஸ்களுமே ஆய்வகக் கண்ணாடித் தட்டில் குளோரோகுயினுக்கு அடங்கியவை.

2020 மார்ச்சில் இவற்றை நினைவுகூர்ந்தவர் குறைவு. பிரான்சின் மார்செய் நகரிலிருந்து 36 நோயாளிகளை மட்டும் வைத்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. 2024 டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாக ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பரிந்துரைத்தது. அமெரிக்கா மார்ச் 28-இல் அவசர அனுமதி தந்து, ஜூன் 15-இல் அதை விலக்கிக்கொண்டது. இந்த அவசரத்தில் பல நாடுகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. லூபஸ் நோயாளிகள் தாம் ஆண்டுக்கணக்கில் உண்டுவந்த மாத்திரைக்காகக் கடை கடையாக அலைய நேர்ந்தது. அவர்களுக்கு அது நிச்சயமாகப் பலன் தந்துகொண்டிருந்த மருந்து!

பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 421 பேர் 28 நாள்களுக்குள் இறந்தனர். அதாவது 27 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 790 பேர் இறந்தனர். இது 25 விழுக்காடு. மருந்து உயிரைக் காக்கவில்லை.

ஏன் என்பதற்குரிய முக்கியக் காரணத்தை 2020 ஜூலையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் விளக்கினர். மனித நுரையீரல் அணுக்களின் மேற்பரப்பில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி உண்டு. அது கொரோனா வைரஸின் முள் புரதத்தை வாசலிலேயே வெட்டித் திறந்துவிடுகிறது. வைரஸ் அமிலப் பைக்குள் போகவேண்டிய தேவையே இல்லை. வீரோ அணுக்களில் அந்த நொதி இல்லாததால், அங்கே வைரஸ் அமில வழியையே நம்பியிருந்தது. கொல்லைக் கதவைப் பூட்டி வைத்தோம். வந்தவன் தலைவாசல் வழியாகப் போய்விட்டான்.

புதிதாக ஒரு வைரஸ் கண்டறியப்படும்போது, அது உயிரணுவுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று அறிய இன்றும் ஆய்வகங்களில் குளோரோகுயினைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். தொற்று நின்றால், அந்த அணுவில் அதன் வழி அமிலப் பை என்று குறித்துக்கொள்கிறார்கள்.