கூழும் பேணியும்

யாழ்ப்பாணத்துக்கு இன்று வரும் பிரயாணி விரும்பிக் கேட்கும் உணவுகளுள் ஒன்று ஒடியற்கூழ். 2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் தென்னிலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வருவோர் தொகை பெருகிற்று. விடுதிகளின் உணவுப் பட்டியல்களிலே கூழ், ஒடியற்பிட்டு, பனங்காய்ப் பணியாரம், கள் என்பன ‘பாரம்பரிய உணவு’ என்னுந் தலைப்பின்கீழ் இடம்பெறலாயின. மகிழ வேண்டிய செய்தியே. ஆயின், இவற்றுட் பெரும்பாலானவை முன்னாளில் விருந்தாளிக்குப் படைக்கப்பட்டவை அல்ல; இவற்றை ஆக்கித்தந்த மக்களும் விருந்தாளிகளாக மதிக்கப்பட்டவர்கள் அல்லர். இவ்விரண்டையும் விட்டுவிட்டு நமது உணவின் வரலாற்றை எழுதுவது எங்ஙனம்?

பழைய யாழ்ப்பாணத்து வசதிபடைத்த இல்லங்களில் விருந்து என்றால் அது வாழையிலையிலிட்ட சோறு. பருப்பு, நெய், மரக்கறி வகைகள், வடை, பாயசம். கூழ் அவ்விலைக்கு வந்ததில்லை. அது வீட்டின் பின்முற்றத்துக்கு உரியது. ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் இட்டுக் காய்ச்சும் ஆடிக்கூழ் வேறு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டினால் அது குழந்தைகளின் நாவிலும் நினைவிலும் நிலைத்துவிட்டது. நாம் பேசுவது ஒடியல்மாக் கூழைப் பற்றி.

பனம்விதைகளைப் பாத்தியிலிட்டு, மழைக்காலங் கழிய முளைத்த கிழங்குகளைக் கிண்டியெடுத்து, அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். அவிக்காது கிழித்துக் காயவிட்டால் ஒடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும். உலையில் ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கிடைத்த மீன், நண்டு, இறால் எல்லாம் வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த மாவோடு சேரும். ஒரு பானையில் ஊரின் நிலமும் கடலும் கலந்துவிடுகின்றன. தனித்தனிக் கறிகள் சமைக்க நேரமும் பொருளும் இல்லாத குடும்பத்தின் அறிவு அது. அதைச் சுற்றியிருந்து பிளாவிற் குடித்தனர். கோப்பையும் கரண்டியும் பின்னர் வந்தவை.

‘ஆதிகாலந் தொட்டு வந்த உணவு’ என்று இதனைப் போற்றுவோர்க்கு ஒரு சொல். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; ஐரோப்பியரின் கடற்பயணங்களுக்குப் பின்னரே கீழைத்தேசங்களை எட்டியவை. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது 1619இல். அதற்குச் சில தலைமுறை முற்பட்ட கூழிலே இன்றைய சிவப்பும் உறைப்பும் இருந்திரா. பாரம்பரியம் என்பதும் மாறிமாறி வருவதே.

இக்கூழின் அருமையைப் பஞ்சமே அவ்வப்போது வசதியுள்ளோர்க்கும் உணர்த்திற்று. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோதும், 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் குடாநாடு தவித்தபோதும், பனை பல வீடுகளைக் காத்தது. அதே போரிற் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் மரமாயின.

இனிக் கள்ளுக்கு வருவோம். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, சீவி, முட்டி கட்டி, நாள்தோறும் மரமேறி இறங்குவது உயிரைப் பணயம் வைக்குந் தொழில். முட்டியிற் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். இத்தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் நளவர், பள்ளர் என ஒதுக்கப்பட்ட மக்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை இவ்விரு சாதியாரையும் அடிமைகளின் வரிசையிலே வைத்துப் பேசுகின்றது. சட்டத்தின் பார்வையில் அடிமைமுறை ஒழிந்தது 1844இல். வழக்கம் சட்டத்துக்குக் காத்திருப்பதுமில்லை, கீழ்ப்படிவதுமில்லை.

இங்கே ஒரு விந்தையைக் காண்க. உயர்சாதியினர் எனப்பட்டோர் தொழிலாளியின் முற்றத்துக்கே சென்று, அவன் வார்த்த கள்ளைப் பனையோலைப் பிளாவிற் குடித்தனர். அதே முற்றத்தில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். ஓலைப் பிளா குடித்தபின் எறியப்படுவது. தீட்டும் அத்தோடு எறியப்பட்டதாக எண்ணினர் போலும்! வேட்கை வந்தவிடத்துச் சாத்திரம் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கின்றது.

மறுபுறத்தே நிலைமை என்ன? ஆறில்லாத குடாநாட்டில் கிணறே உயிர்நாடி. வந்தவரிடம் ‘தண்ணீர் குடிக்கிறீர்களா?’ என்று கேட்பதே உபசாரத்தின் முதற்படி. மதிப்புக்குரிய விருந்தாளிக்கு மூக்குப்பேணி. வேலைக்கு வந்தவனுக்குச் சிரட்டை. கிணற்றைத் தொடும் உரிமை அவனுக்கில்லை. பிறர் அள்ளி ஊற்றும் வரை காத்து நிற்க வேண்டும். தேநீர்க்கடைகள் தோன்றியபோது இவ்வொழுங்கு அப்படியே கடைக்குட் புகுந்தது. உள்ளே இருப்போர்க்குக் கண்ணாடிக் குவளை; வெளியே நிற்போர்க்குப் போத்தல், தகரப்பேணி. காசு மட்டும் ஒரே காசு. டொமினிக் ஜீவா தமது முதற் சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டது வெறும் அலங்காரத்துக்காக அன்று.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இத்தகைய விலக்கல்களைக் குற்றமாக்கியது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை கடைகளைத் திறக்க வைக்க முயன்று, நகரிற் சில வெற்றிகளும் கண்டது. கிராமங்கள் அசையவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிஸாரின் தடியடியைத் தாங்கி முன்னேறியது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய இடங்களிலே தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் மூண்டன, குடிசைகள் எரிந்தன, உயிர்களும் பலியாயின. ஒரு குவளைத் தேநீருக்காகவா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. அவர்கள் எல்லோரும் கடைக்குள்ளே இருந்து குடித்தவர்கள்.

1972 அளவிற் சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தமை வேறொரு திருப்பம். இறக்கிய கள்ளைத் தாமே விற்கும் வழி தொழிலாளருக்குக் கிடைத்தது. கள்ளைப் பதப்படுத்திப் போத்தலில் அடைக்கும் ஏற்பாடும் பின்னர் வளர்ந்தது. இன்று விடுதி மேசையிற் பிரயாணிக்கு முன் வைக்கப்படுவதும், வெளிநாடுகளுக்குக் கப்பலேறுவதும் அந்தப் போத்தற் கள்ளே. மரமேறியவரின் பேரன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, அதே விடுதியிற் கதிரையில் அமர்ந்து, அதே போத்தலுக்கு விலை கொடுக்கிறான். அவனுடைய பாட்டனாருக்குக் கடைவாசலில் நிற்கவைத்துத் தேநீர் கொடுத்ததும் போத்தலில்தான்.