கேமராவுக்கு இ.எம்.ஐ அப்புறம்... முதல்ல வடுவூர் ஏரிக்கு ஒரு ரவுண்டு போங்க!

ஆன்லைன்ல கேமரா விலையைப் பார்த்துட்டு, 'இதெல்லாம் நமக்கு செட் ஆகாது'னு மூடி வெச்சவரா நீங்க? கவலைய விடுங்க. நீங்க திருவாரூர்க்காரர்னா, பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சது. பறவைகள் உங்க ஊரைத் தேடித்தான் வருது!

எங்கே போகலாம்?

திருவாரூர் மாவட்டத்துலயே இரண்டு பறவைகள் சரணாலயங்கள் இருக்கு. தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் வடுவூர். முத்துப்பேட்டை பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டுமே அடிப்படையில் பாசன ஏரிகள்தான். 2022-ல் இரண்டுக்கும் சர்வதேச அளவிலான 'ராம்சார்' அங்கீகாரம் கிடைச்சது.

மேட்டூர் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் ஏரியை நிரப்பியதும் பறவைகள் வரத் தொடங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனா கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை, நீர்க்காகம்னு பார்க்கலாம். கோடையில் ஏரி வறண்டுடும். அப்போ போய் ஏமாறாதீங்க.

போன் போதுமா?

லேண்ட்ஸ்கேப்புக்கு தாராளமா போதும். நடவு முடிஞ்ச வயல்ல தேங்கி நிற்கிற தண்ணி, வானத்தை அப்படியே காட்டும் கண்ணாடி. வரப்புல குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போனைத் தண்ணிக்குப் பக்கத்துல இறக்கிப் பிடிங்க. மார்கழிப் பனி, அறுவடைக்கு முந்தைய பொன்னிற வயல்... ஒரே இடத்தை மாசம் ஒரு தடவை எடுத்தாலே அழகான சீரிஸ் ரெடி!

பறவைக்கு டிஜிட்டல் ஜூம் வேண்டாம், படம் உடைஞ்சுடும். 8x42 பைனாகுலரின் கண் வைக்கும் பகுதியில் போன் லென்ஸைச் சரியாகப் பொருத்தி எடுத்துப் பாருங்க. பழக கொஞ்சம் நேரமாகும். ஆனா, செலவு குறைவு.

கேமரா வாங்கினா?

செகண்ட் ஹேண்ட் பாடி, ஒரு 70-300 எம்.எம் லென்ஸ். ஆரம்பத்துக்கு இது போதும். மனசுல வெச்சுக்க வேண்டியது இவ்வளவுதான்:

* பறக்கும் பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/1000-க்குக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஓ-வை ஆட்டோவில் விடுங்க.
* பச்சை வயல்ல வெள்ளைக் கொக்கு எடுத்தா, இறகெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளையா வருதா? எக்ஸ்போஷரை -0.7 அல்லது -1 குறைங்க. போன்லயும் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கலாம்.
* ஃபோகஸ் கண்ணுல இருக்கணும்.
* காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30-க்கு மேல். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும்.

நம்ம மா.கிருஷ்ணன் (1912-1996), உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவில், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டுயிர்களை எடுத்தவர். கருவியைவிட பொறுமைதான் முக்கியம்ங்கிறதுக்கு அவரே சாட்சி.

இதை மட்டும் செய்யாதீங்க!

ஒரு 'பறக்குற ஷாட்'டுக்காகக் கல்லை விட்டெறியறது, கைதட்டுறது... வேண்டவே வேண்டாம். நீங்க நெருங்கினதும் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்துடும். அந்தச் சில நிமிஷம் போதும், காகம் முட்டையைத் தூக்கிட்டுப் போக. வெயில்ல குஞ்சு துவண்டு போக. உங்களுக்கு ஒரு லைக், அதுக்கு ஒரு தலைமுறை!

சட்டமும் இதைச் சும்மா விடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை'தான். அனுமதியில்லாம ட்ரோன் விடாதீங்க, ஃபிளாஷ் அடிக்காதீங்க. கூடு இருக்கிற இடத்தோட லொக்கேஷனை இன்ஸ்டால போடாதீங்க. வயல்ல இறங்கும் முன்னாடி விவசாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க; வரப்பை மிதிச்சு உடைச்சா நஷ்டம் அவருக்குத்தான்.

பறவை உங்களைத் திரும்பிப் பார்த்து, இரை தேடுறதை நிறுத்துதா? 'போதும், இதுக்கு மேல வராதே'னு அர்த்தம். அங்கேயே நின்னு, அசையாம பத்து நிமிஷம் காத்திருங்க. அது மறுபடி மேய ஆரம்பிக்கும். அப்போ அமுக்குங்க பட்டனை. அதுதான் உங்க முதல் நல்ல போட்டோ!