நாணயமும் அரச ஆணையும்

நாணயத்தின் மதிப்பு அரச முத்திரையிற் பிறக்கின்றதா, மக்களின் நம்பிக்கையிற் பிறக்கின்றதா? 2021 செப்ரெம்பரில் இவ்வினாவிற்கு இரு அரசுகள் இரு விடைகள் பகர்ந்தன. பிட்கொயின் போன்ற மறைகுறி நாணயங்களின் கொடுக்கல் வாங்கல் அனைத்தும் சட்டவிரோதமெனச் சீன மத்திய வங்கி 24ஆம் நாள் அறிவித்தது. அதற்கு முன்னரே, 7ஆம் நாள், மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சல்வடோர் பிட்கொயினைச் சட்டமுறை நாணயமாக்கிற்று.

2001 முதல் அமெரிக்க டொலரை வழங்கிவரும் நாடு அது. வணிகர் பிட்கொயினை ஏற்றேயாக வேண்டுமென்றது சட்டம். அரசின் கைப்பேசிப் பணப்பையிற் பதிந்தோருக்கு 30 டொலர் ஊக்கப்பணம் கிடைத்தது. ஆயினும் பெரும்பாலோர் டொலரையே நாடினர். நாளுக்கு நாள் ஏறியிறங்கும் ஒன்றைக் கொண்டு நாளைய சோளத்திற்கு விலை கூறுவதெங்ஙனம்?

2024 டிசெம்பரில் 140 கோடி டொலர் கடனுதவிக்காகச் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பாடு கண்ட அரசு, 2025 சனவரியில் அக்கட்டாயத்தை நீக்கிற்று. ஆணையால் நாணயத்தைப் புகுத்தலாம்; அதனை நம்பும் மனத்தை ஆக்க ஆணை போதாதென்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.