ரம்பம் பிடிக்கும் படம்

1517இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு கையேடு அச்சானது. எழுதியவர் ஹான்ஸ் ஃபான் கெர்ஸ்டார்ஃப் என்ற போர்க்கள அறுவை வைத்தியர். பல்கலைக்கழக மருத்துவர்களின் லத்தீனில் அல்ல. சவரக்கத்தியோடு காயத்துக்குக் கட்டும் போட்டுவந்த நாவிதர்களுக்கும் எட்டுகிற ஜெர்மனில்.

அதன் உயிரே மரக்கட்டை அச்சுப் படங்கள்தான். ஒன்றில் காலை ரம்பத்தால் அறுக்கிறார்கள். வெட்டுக்கு மேலும் கீழும் இறுக்கிய பட்டைகள். ரத்தம் பிடிக்கக் கிண்ணம். அருகில் நிற்பவருக்குக் கை ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சிய மொட்டைக் கையை மூடியிருப்பது விலங்கின் சிறுநீர்ப்பை! முகம் சுளிக்கலாம், ஆனால் செய்முறை இதைவிடத் தெளிவாகச் சொல்லப்படுமா?

மயக்க மருந்து விஷயத்தில் மட்டும் எந்தப் படமும் உதவ முடியாது. ஈத்தர் அறுவை மேசைக்கு வரவே 1840கள் ஆயின.