கொழுந்து காத்திராது: ஊவாத் தோட்டங்களின் வேலையொழுங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பில் வேலைபார்த்துக்கொண்டு வார இறுதிகளில் வியாபார நிருவாக முதுமாணிப் பாடநெறியைப் பயின்றுவரும் எனது தமையனார், சென்ற விடுமுறையில் வெலிமடைக்கு வந்திருந்தபொழுது, செயற்பாட்டு முகாமைத்துவம் என்னும் பாடத்துக்குரிய குறிப்புக்களை வீட்டில் விட்டுச்சென்றார். வரலாறு பயிலும் மாணவி என்ற வகையில், அத்துறையின் வரலாற்றைக் கூறும் பக்கத்தையே நான் முதலில் நாடினேன். அது ஒரு பக்கந்தான். 1911இல் பிரெட்ரிக் டெயிலர் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய நூலை வெளியிட்டமை, 1913இல் ஹென்றி போர்ட் தமது மோட்டார் ஆலையில் நகரும் பொருத்துவரிசையை அமைத்தமை, இரண்டாம் உலகப் போரின் பின்னர் டொயோட்டா நிறுவனத்தார் சரக்கிருப்பைக் குறைத்தமை ஆகியவற்றோடு அவ்வரலாறு முடிவுற்றது. நூற்றுக்கணக்கான மனிதரை விடியற்காலையில் எண்ணிப் பிரித்து மலைகளுக்கு அனுப்பி, அவர்தம் உழைப்பை மாலையில் நிறுத்து ஏட்டில் எழுதிய தேயிலைத் தோட்டத்துக்கு அங்கே இடமில்லை. லூல்கந்துரவில் 1867இல் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஒரு டெயிலரே. ஆயின் பாடநூலார் அறிந்த டெயிலர் அவரல்லர்.

எனினும் அக்குறிப்புக்களின் பிற்பகுதியிற் கண்ட கருத்தொன்று, எமது மக்களின் வரலாற்றை வேறொரு கோணத்தில் நோக்க உதவுகின்றது. எந்த உற்பத்தியிலும் வரவும் தேவையும் என்றும் ஒரே சீராக இருப்பதில்லை. அவ்வேற்றவிறக்கத்தைச் சமாளிக்க மூன்று வழிகளே உள. சரக்கைச் சேமித்து வைக்கலாம். உற்பத்தி ஆற்றலைத் தேவைக்கு மிகையாக வைத்திருக்கலாம். அல்லது வேலையைக் காத்திருக்கச் செய்யலாம். வெலிமடைப் பகுதியார்க்கு இதனை விளக்குதல் எளிது. உருளைக்கிழங்கின் விலை வீழ்ந்தால், கையில் வசதியுள்ள விவசாயி சில வாரங்களேனும் அதனைக் களஞ்சியத்தில் வைத்துக் கெப்பட்டிப்பொலைச் சந்தையின் விலையைப் பார்த்திருப்பான்.

தேயிலைக் கொழுந்து அத்தகையதன்று. கிள்ளப்பட்ட கணத்திலிருந்தே அது மாறத் தொடங்குகின்றது. கூடையில் அமுக்கி வைத்தாற் சூடேறிச் சிவந்துபோகும். அன்றன்றே அது ஸ்டோருக்குப் போய்ச் சேர்தல் வேண்டும். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம்வரை வாட்டி, உருட்டி, இரண்டு மூன்று மணித்தியாலம் நொதிக்கவிட்டு, அனலில் உலர்த்தி, ஈரத்தை ஏறக்குறைய மூன்று வீதத்துக்குக் கொண்டுவந்த பின்னரே தேயிலை காத்திருக்கும் பொருளாகின்றது. பெட்டியில் அடைத்த தூள் வண்டியில் ஏறிக் கொழும்புக்குச் சென்று, 1883இல் அங்கு தொடங்கிய ஏலத்தில் தன் முறை வரும்வரை கெடாதிருக்கும். அனலுக்கு முன் மணித்தியாலக் கணக்கு. அனலுக்குப் பின் மாதக் கணக்கு. செடியும் பொறுப்பதில்லை. ஏழெட்டு நாளில் மீண்டும் அதே மலைக்கு ஆள் வராவிடின் கொழுந்து முற்றிவிடும். ஆகவே மூன்று வழிகளில் முதலாவதும் மூன்றாவதும் அடைபட்டுப்போக, தோட்டத்துக்கு எஞ்சியது இரண்டாவதே. கையாலேயே பறிக்கப்பட்ட இவ்விலைக்கு மிகையான ஆற்றல் என்பதன் பொருள் மிகையான கைகள் என்பதே.

இவ்விடத்திற் கோப்பிக் காலத்தை ஒப்புநோக்குதல் பயனுடையது. கோப்பிப் பழம் ஆண்டின் சில மாதங்களிலேயே பெருமளவில் ஆள் வேண்டிநின்றது. அதனால் தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஆண்களே வந்தனர். மன்னாரிலிருந்து காடுகளினூடாக நடந்து மலையேறினர். பறிப்பு முடிந்தபின் பலர் ஊர் திரும்பினர். 1869இற் காணப்பட்ட இலைநோய் அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பியை அழித்து, அவ்விடத்திற் தேயிலையை நிறுத்தியபொழுது, மாறியது பயிர் மாத்திரமன்று. ஆண்டு முழுவதும் தளிர்க்கும் செடிக்கு ஆண்டு முழுவதும் அருகிலேயே ஆள் வேண்டியிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டனர். வந்துபோகும் கூட்டத்துக்கென எழுந்த லயக்காம்பராக்களின் வரிசை, தலைமுறைகள் வாழுமிடமாயிற்று. நாட்டிலே பஞ்சமும் சாதிக்கொடுமையும் இவர்களை வெளியே தள்ளின என்று வரலாற்றாசிரியர் கூறுவது உண்மையே. ஆனால் தள்ளுதல் ஒன்றே இவர்கள் நிலைத்தமைக்குக் காரணமாகாது. கோப்பிக்கு வந்தோரையும் அதே வறுமைதான் தள்ளியது. அவர்களுட் பலர் திரும்பினர்.

சேமித்த கைகளைக் கைநழுவ விடாதிருக்கக் கடன் பயன்பட்டது. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறியது. ஒரு கூட்டத்தை வேறு தோட்டத்தார் பெறவேண்டின் அக்கடனைத் தீர்ப்பதாகிய 'துண்டு' கைமாறியது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927இல் வந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை லயத்திற் பிறந்துவிட்டது.

ஊவாவின் பருவநிலை இவ்வேற்பாட்டை இன்னுந் தெளிவாகக் காட்டும். ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் காற்று மத்திய மலைகளைத் தாண்டி வறண்டு வீசும்போது தளிர் குறையும். ஆனால் உலகப் புகழ்பெற்ற ஊவா மணம் அக்காலத்துத் தேயிலைக்கே உரியது. ஊவாத் தேயிலைக்கு உயர்ந்த விலை கிடைப்பதும் அப்பொழுதே. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் வாரங்களிலோ கொழுந்து மண்டும். ஈரக்காற்றில் இலை மெதுவாகவே வாடும்; எனவே காற்றூதும் தொட்டிகள் வருவதற்கு முன், இலை மிகுந்துவந்த நாட்களிலேயே வாட்டுமாடியின் தட்டுக்கள் வெறுமையாகத் தாமதமாயின. தமையனாரின் குறிப்பு இத்தகைய இடத்தைப் போத்தற்கழுத்துக்கு உவமிக்கும். டீமேக்கர் எவரும் அவ்வுவமையைக் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் இராமுழுவதும் உருளைகளை ஓடவிட்டு விடியுமுன் தட்டுக்களை வெறுமையாக்க வேண்டும் என்பதை நன்கறிந்திருந்தார்.

கொழுந்து மண்டும் வாரத்துக்குப் போதிய கைகள், கொழுந்து குறைந்த வாரத்துக்கு மிகையாயின. முகாமைத்துவம் பயில்வோர் வினவவேண்டியது இதனையே: வேலையற்ற நாளின் செலவை யார் ஏற்றார்? உருளை இயந்திரம் சும்மா நின்றாலும் தேய்மானம் என்று கணக்கில் ஒரு தொகை எழுதப்படும். தொழிலாளிக்கோ பெரட்டுக்களத்தில் 'பேர்' விழுந்தாற் கூலி, விழாவிடின் இல்லை. நிறை குறைந்தால் அரைப்பேர். கடனும், லயத்தின் பின்னுள்ள கீரைப்பாத்தியும், ஓரிரு மாடுமே அவ்விடைவெளியை நிரப்பின. மிகை ஆற்றலைத் தோட்டம் வைத்திருந்தது. அதற்குரிய விலையை ஆற்றலுடையோரே செலுத்தினர்.

இவ்வுண்மை அரசியலில் எவ்வாறு மறைக்கப்பட்டது என்பது நோக்கற்பாலது. 1928இன் பின் டொனமூர் வாக்குரிமை பற்றி எழுந்த விவாதங்களில், தோட்டத் தொழிலாளர் வந்துபோவோர், நாட்டில் நிலையான பற்றற்றோர் என்ற வாதம் பலமாக ஒலித்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் அவ்வாதத்தின் வழிவந்தவையே. மணமானவர் 1946க்கு முன்னர் தொடர்ந்து ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் வதிந்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். வந்துபோவோரைக் கொண்டு கோப்பி பறிக்கலாம். ஏழெட்டு நாளுக்கொருமுறை ஒரே மலையைச் சுற்றிவரும் தேயிலையை அவ்வாறு பறிக்க இயலாது. நாடு முழுவதும் அத்தேயிலையின் அந்நியச் செலாவணியில் வாழ்ந்துகொண்டே அதைப் பறித்தவரை நிலையற்றோர் என்றது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபா ஆனபோது, பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கிலோவின் அளவு உயர்த்தப்பட்டமை பற்றிப் பிணக்கு எழுந்தது. இன்று எங்கள் பகுதி இளைஞர் மரக்கறித் தோட்டங்களுக்கும் கொழும்புக்கும் செல்லத் தலைப்பட்டுள்ளனர். சேமிப்பு கரைகின்றது. தோட்டத்தில் ஆளில்லை என்று கம்பனிகள் முறையிடும்போது, முன்னர் ஆள் எவ்வாறு இருந்தது, எவர் செலவில் இருந்தது என்பதை எவரும் பேசுவதில்லை.

எங்கள் அம்மாயி நாற்பதாண்டு கொழுந்து கிள்ளியவர். தமையனார் குறிப்பிலிருந்த மூன்று வழிகளையும் நான் அவருக்கு எடுத்துரைத்தபோது, கொழுந்து காத்திராது என்றதும் சிரித்தார். "கொழுந்து காத்திருக்காது சரி. நாங்க மடுவத்தில நின்னோமே, நிறுக்கிறவுக வரும்வரைக்கும், அப்புறம் லொறி வரும்வரைக்கும்? மழையில நின்ன அந்த நேரம் எதில எழுதியிருக்கு?" என்று வினவினார். காலையில் பெரட்டுக்கும், பகலில் நிறைக்கும், மாலையில் மீண்டும் நிறைக்கும் நின்ற நேரத்தை அவர் விரலில் எண்ணிக்காட்டினார். செக்ரோலில் பேர் உண்டு, நாள் உண்டு, முன்னர் றாத்தலும் பின்னர் கிலோவும் உண்டு. நேரத்துக்கு நிரல் இல்லை. மூன்றாவது வழி அடைபட்டது என்று நான் மேலே எழுதியது கொழுந்தின் வகையில் மாத்திரமே சரி.

தமையனாருக்கு இதனை எழுதியனுப்பினேன். தமது இறுதி ஒப்படைக்கு இதனையே எடுத்துக்கொள்வதாக மறுமொழி வந்தது. ஆவணியில் ஒரு வாரம் விடுமுறை எடுத்து, மடுவத்தின் ஓரத்தில் கடிகாரத்தோடு நிற்கப்போகிறாராம்; கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்டுவைக்கும் பொறுப்பை அம்மாயியிடம் விட்டிருக்கின்றார்.