வெளியீட்டுக்கு முந்தைய தன்னார்வச் சோதனை: தமிழ்க் கணக்குக் குறிகளும் செட்டிநாட்டுப் பேரேடுகளும்

கட்டற்ற மென்பொருளில் பிழை கண்டால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். அம்மென்பொருள்கள் சார்ந்து நிற்கும் ஒருங்குறித் தரத்தில் அதற்கு இடமில்லை. ஒருமுறை ஏற்கப்பட்ட குறியை நீக்குவதோ அதன் பெயரை மாற்றுவதோ கூடாது என்பது அதன் விதி. எனவே அங்குத் திருத்தத்துக்குரிய காலம் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலம் மட்டுமே. அக்காலத்தில் யார் சோதித்தனர் என்பது தமிழைப் பொறுத்தவரை வரலாற்றுக் கேள்வியாகும்.

1991-இல் வெளியான முதற்பதிப்பில் தமிழ்ப் பகுதி இந்தியாவின் இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தது. ஆய்தம் அதில் 'விசர்க்கம்' என்னும் பெயரில் பதிவாயிற்று. தொல்காப்பியம் பயின்ற ஒருவர் முன்னரே பார்த்திருந்தால் இது நேர்ந்திராது. இன்றும் அப்பெயரே நிலைக்கிறது. 'ஆய்தம்' என்பது பக்கக் குறிப்பாக மட்டுமே உள்ளது.

இதற்கு மாறான முயற்சி திஸ்கி. 1990-களின் பிற்பகுதியில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியமின்றி, மின்னஞ்சல் வழி விவாதித்து அக்குறியாக்கத்தை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பின்னர் அதில் வெளியிட்டது. ஆயினும் திஸ்கியில் தமிழ்ப் பின்னக் குறிகள் இடம்பெறவில்லை. கடிதமும் இலக்கியமும் எழுதியவர்கள் அவற்றுக்கு வேண்டியதைச் சோதித்தனர். கணக்கெழுதியவர்கள் அந்த அவையில் இல்லை.

அவர்கள் இருந்த இடங்களுள் ஒன்று செட்டிநாடு. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என முறையாகக் கணக்கு வைத்தனர். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தவரை, 1/16-ஐக் குறிக்கும் வீசம் அணாவுடன் நேராகப் பொருந்திற்று. 1957-இல் பதின்ம நாணயம் வந்தபின் அந்தப் பொருத்தம் அற்றுப்போயிற்று. குறிகளைப் படிக்கத் தெரிந்தோரும் அருகினர்.

ஒருங்குறி 2003-இல் பற்று, வரவு, மேற்படி, எண் முதலிய குறிகளை ஏற்றது. 2012-இல் ஸ்ரீரமண சர்மா அளித்த விரிவான முன்மொழிவின் வழி, 2019 மார்ச்சில் வெளியான 12.0 பதிப்பில் 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்னும் தொகுதி 51 குறிகளோடு இடம்பெற்றது. முந்திரி (1/320) முதல் முக்கால் வரையிலான பின்னங்களும், உழக்கு, குறுணி, வராகன், வேலி, நன்செய் போன்றவையும் அதில் அடங்கும். வரவுக்கும் எண்ணுக்கும் 2003-இலேயே குறிகள் இருந்தும், 'மரபு' என்னும் அடைமொழியோடு இன்னொரு முறை குறியேற்ற வேண்டியதாயிற்று. பழங்கணக்கின் வடிவங்கள் 2003-இன் வடிவங்களிலிருந்து வேறுபட்டவை. முன்னதைத் திருத்த இயலாத நிலையில் இரட்டிப்பே வழியாயிற்று. அதனை முறையான தீர்வு என்பதைவிடத் தாமதத்தின் விலை என்பதே பொருந்தும். அரைக்கும் 1/16-க்கும் இவ்விரு வடிவங்கள் ஏற்கப்பட்டுள்ளன.

ஒருங்குறியின் ஒவ்வொரு பதிப்பும் பீட்டா நிலையில் பொதுக் கருத்துக்கு வைக்கப்படுகிறது; கருத்துரைக்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வாயில் திறந்தே இருக்கிறது. ஆனால் பேரேடு படிக்கத் தெரிந்த காரைக்குடி முதியவருக்கு அந்த ஆங்கில ஆவணம் எட்டாது. ஆவணத்தைப் படிப்பவருக்குப் பேரேடு எட்டாது. இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவதே சோதனையை ஒழுங்கமைத்தல். கூகுளின் கட்டற்ற நோட்டோ எழுத்துருக்களில் இப்பிற்சேர்க்கைக்கெனத் தனி எழுத்துரு உண்டு. குறியின் பெயரை மாற்ற முடியாவிடினும் எழுத்துருவின் வடிவத்தை இன்றும் திருத்தலாம். சோதனைக்கு எஞ்சியுள்ள களம் அதுவே.

கணக்கேட்டுக்கு இதில் ஒரு தனிச் சிறப்புண்டு. இலக்கியச் சுவடியில் பாடம் சரியா என்பதை வேறு சுவடி கொண்டே அறியலாம்; கணக்குப் பக்கத்தில் விடை அடியிலேயே 'ஆக' என்னும் குறியோடு நிற்கிறது. ஒருவர் படித்துச் சொல்ல, மற்றொருவர் குறிகளைத் தட்டச்சிட, திரையில் தோன்றியதை மட்டும் பார்த்து மூன்றாமவர் கூட்டிப் பார்த்தால் போதும். தொகை ஒத்துவரவில்லையெனில், பிழை கணக்கப்பிள்ளையுடையதா, படித்தவருடையதா, தட்டச்சிட்டவருடையதா, எழுத்துருவினுடையதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.